ஆண்ட்ரூ கோப்பு முறைமையில் சேமிப்பக விரிவாக்கம்

ஆண்ட்ரூ கோப்பு முறைமை என்பது வலையமைப்பில் இணைந்துள்ள பல கணினிகள் ஒரே கோப்புத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள உதவும் பரவல் கோப்பு முறைமை ஆகும். ஏஎஃப்எஸ் என்பது இதன் சுருக்கப் பெயர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஐபிஎம் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1980-களில் இது உருவாக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான ஆண்ட்ரூ கார்னிகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவருக்கும் பொதுவான முதற்பெயரே முறைமைக்குச் சூட்டப்பட்டது.

பாதுகாப்பு, விரைவு எனப் பல காரணங்களுக்காக இம்முறைமை பாடநூல்களில் இடம்பெறுகிறது. பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அவர்களுடைய கோப்புகளை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சேமிப்பிடத்தை விரிவாக்க முடியும் என்பது அதன் மற்றொரு சிறப்பு. இக்கட்டுரை அந்த ஒன்றை மட்டும் விளக்குகிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது

ஒரு கல்லூரியின் கோப்புச் சேவையகத்தில் வட்டு ஏறத்தாழ நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய வட்டு வாங்குவது கடினமன்று. பணம் இருந்தால் சில நாளில் வந்துவிடும். வந்த வட்டுக்கு யாருடைய கோப்புகளை, எப்போது, எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கடினம். கோப்புகள் பெட்டியில் அடுக்கிவைத்த பழைய தாள்களைப் போலச் சும்மா கிடப்பவை அல்ல. ஒரு மாணவி ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஆய்வகக் கணினி ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடுகளை எழுதிக்கொண்டிருக்கும். நகலெடுக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் எழுதியவை பழைய வட்டிலேயே தங்கிப்போகலாம். நகல் முடிந்து பழைய வட்டை அழித்தால், அந்த எழுத்தும் அழிந்துபோகும்.

இதற்குப் பழைய வழி, சேவையை நிறுத்திவிடுவது. “சனிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை கோப்புகள் கிடைக்கா” என்று அறிவிப்பு ஒட்டி, எல்லாரையும் வெளியேற்றி, நகலெடுத்து, சரிபார்த்து, மீண்டும் திறப்பார்கள். நூறு பேர் உள்ள இடத்தில் இது நடக்கும். ஆயிரக்கணக்கானோர் நாளெல்லாம் நம்பியிருக்கும் இடத்தில், எல்லாருக்கும் வசதியான சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது.

நிறுத்தி நகலெடுத்தாலும் வேறொரு சிக்கல் மீதமிருக்கும். கோப்பின் முகவரி மாறிவிடும். பழைய சேவையகத்தின் பெயரைச் சொல்லிக் கோப்பைத் தேடும் நிரல்கள், குறுக்குவழிகள், பயனர்களின் பழக்கம் எல்லாம் மறுநாள் காலையில் தவறிப்போகும். விரிவாக்கத்தால் வரும் இடையூறுகளில், வட்டு நின்ற சில மணி நேரத்தைவிட இந்த முகவரிக் குழப்பமே நீண்ட நாள் நீடிக்கிறது.

முன்மாதிரியும் அதன் குறையும்

ஆண்ட்ரூ திட்டம் 1982-இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிநிலையக் கணினி, அவை அனைத்துக்கும் பொதுவான ஒரே கோப்பு வெளி என்பது அதன் நோக்கம். 5,000-க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாங்க வேண்டும் என்று முதலிலேயே இலக்கு வைத்தார்கள். இம்முறைமையை வடிவமைத்தவர்களுள் மகாதேவ் சத்தியநாராயணனும் ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1975-இல் இளநிலைப் பட்டமும் 1977-இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, 1983-இல் கார்னிகி மெலனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர்.

முதலில் ஒரு முன்மாதிரி கட்டப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு பயன்பாட்டில் இருந்தது. உச்ச நிலையில் அதில் 100 பணிநிலையக் கணினிகளும் 6 சேவையகங்களும் இருந்தன. ஒவ்வொரு சேவையகத்திலும் 400 மெகாபைட் கொள்ளளவுள்ள வட்டுகள் இரண்டோ மூன்றோ இருந்தன. இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் சில நிமிடக் காணொளிக்கே அந்த வட்டு ஒன்று போதாது.

இந்த முன்மாதிரியில் வேகக் குறைபாடு பெரிதாகப் பேசப்பட்டது. பயனர் கணினிகள் தம்மிடமுள்ள படி இன்னும் செல்லுபடியாகுமா என்று ஓயாமல் சேவையகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தன. சேவையகத்துக்கு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இத்தகைய விசாரிப்புகளே. ஆனால் விரிவாக்கத்தைப் பொறுத்தவரை முக்கியமான குறை வேறிடத்தில் இருந்தது.

எந்தக் கோப்பு எந்தச் சேவையகத்தில் உள்ளது என்ற செய்தி, முன்மாதிரியில் கோப்புறை மரத்துக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. ஒரு கிளை வேறு சேவையகத்தில் இருந்தால், அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோப்புறையை வைத்து, “இதற்குமேல் அங்கே போய்க் கேள்” என்று எழுதிவைத்தார்கள். ஊரிலுள்ள வழிகாட்டிப் பலகைகளைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு கடை இடம் மாறினால் எத்தனைச் சந்திகளில் பலகையை மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஒரு பயனரின் கோப்புகளை நெருக்கடியுள்ள வட்டிலிருந்து காலியான வட்டுக்கு மாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. ஒருவர் இவ்வளவு இடம்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வைக்கவும் வழியில்லை.

தொகுதி

திருத்தி எழுதப்பட்ட இரண்டாம் வடிவத்தில் ஒரு புதிய அலகு கொண்டுவரப்பட்டது. அதன் பெயர் வால்யூம். இக்கட்டுரையில் அது தொகுதி எனப்படும். கோப்புறை மரத்தின் ஒரு கிளையும் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்தது ஒரு தொகுதி. வழக்கமாக ஒரு பயனருக்கு ஒரு தொகுதி. ஒரு பாடப்பிரிவுக்கு ஒன்று. ஒரு மென்பொருளுக்கு ஒன்று. இவற்றை இணைப்புப் புள்ளிகளால் ஒட்டவைத்து ஒரே பெரிய மரமாகக் காட்டுகிறார்கள். பயனரின் கண்ணுக்கு ஒட்டுத் தெரியாது.

தொகுதி என்பது வட்டின் பிரிவு அன்று. இதைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்கிறார்கள். வட்டைப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பிட்ட அளவு ஒதுக்கப்பட்டுவிடும். ஒன்றில் மிச்சமிருக்கும் இடத்தை இன்னொன்று எடுத்துக்கொள்ள முடியாது. தொகுதி அப்படியன்று. ஒரே வட்டுப் பிரிவுக்குள் நூற்றுக்கணக்கான தொகுதிகள் வாழலாம். ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப வளரும், சுருங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கீட்டு வரம்பு ஒன்று உண்டு. அந்த வரம்பு வட்டில் எழுதப்பட்ட கோடு அன்று, ஏட்டில் எழுதப்பட்ட எண். ஒரு மாணவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால், வட்டில் இடம் இருக்கும்வரை, நிர்வாகி அந்த எண்ணை மாற்றினால் போதும். ஒரே கட்டளை, மாணவர் தம் கோப்பை மூடவேண்டிய தேவைகூட இல்லை.

ஆகவே சிறு விரிவாக்கம் எண்ணை மாற்றுவதோடு முடிந்துவிடுகிறது. பெரிய விரிவாக்கத்துக்குத்தான், அதாவது வட்டே போதாமல் போகும்போதுதான், தொகுதியைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். சரியான அளவுடைய மூட்டையாக இருப்பதுதான் தொகுதியின் பெரிய பயன் என்று சொல்லலாம். கோப்பு கோப்பாக மாற்றினால் கணக்கு வைக்க முடியாது. வட்டு வட்டாக மாற்றினால் எல்லாரையும் ஒரே நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கும். ஒருவருடைய மூட்டையை மட்டும் மாற்றினால், தொந்தரவு வந்தாலும் அந்த ஒருவருக்கு மட்டும், அதுவும் சில நொடிகள்.

பெயரிலிருந்து இடத்துக்கு

பயனர் ஒரு பாதைப்பெயரைத் தருகிறார். அது “ஏஎஃப்எஸ்” என்ற வேர்க் கோப்புறையில் தொடங்கி, நிறுவனத்தின் பெயர், பயனர் பெயர், கோப்பின் பெயர் என்று நீளும். அந்தப் பாதையில் எந்தச் சேவையகத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் 96 பிட்டு நீளமுள்ள அடையாள எண் ஒன்று உண்டு. அதன் முதல் 32 பிட்டுகள் தொகுதியின் எண். அடுத்த 32 பிட்டுகள் தொகுதிக்குள் கோப்பின் வரிசை எண். கடைசி 32 பிட்டுகள், அதே வரிசை எண் பின்னால் வேறு கோப்புக்குத் தரப்பட்டால் இரண்டையும் பிரித்தறிவதற்காக. இதிலும் சேவையகத்தின் பெயர் இல்லை.

அப்படியானால் கோப்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தொகுதி இருப்பிடத் தரவுத்தளம் என்று தனியாக ஓர் ஏடு உண்டு. எந்த எண்ணுள்ள தொகுதி எந்தச் சேவையகத்தில், எந்த வட்டுப் பிரிவில் உள்ளது என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கும். தொகுதி இடம் மாறினால் அந்த ஏட்டில் ஒரு வரி மாறும். ஊரெங்கும் உள்ள வழிகாட்டிப் பலகைகளை மாற்றவேண்டியதில்லை. கோப்பின் பெயர் அப்படியே இருக்கிறது, அடையாள எண் அப்படியே இருக்கிறது. பயனர் கணினி தான் கேட்டறிந்த இருப்பிடத்தைக் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அது தவறென்று தெரிந்தால் மறுபடி ஏட்டைக் கேட்கும்.

இந்த ஏடு தொலைந்தால் எல்லாமே தொலைந்தது போலாகிவிடும் என்பதால், அதன் படிகள் பல கணினிகளில் வைக்கப்படுகின்றன. இரண்டாம் வடிவத்தில் ஒவ்வொரு சேவையகத்திலும் ஒரு படி இருந்தது. பிற்கால வடிவத்தில் இதற்கெனத் தனித் தரவுத்தளச் சேவையகங்கள் வந்தன. அவை தமக்குள் வாக்களித்து ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்துகொள்கின்றன. மாற்றங்கள் அதன் வழியாகவே எழுதப்படுகின்றன.

இடமாற்றம் நடைபெறும் முறை

இனி இடமாற்றத்தைப் பார்க்கலாம். நிர்வாகி ஒரே கட்டளையைத் தருகிறார்: இந்தத் தொகுதியை இந்தச் சேவையகத்தின் இந்தப் பிரிவிலிருந்து அந்தச் சேவையகத்தின் அந்தப் பிரிவுக்கு மாற்று. கட்டளையின் பெயர் விஓஎஸ் மூவ். அதன் பின்னே நடப்பவை பல படிகள்.

முதலில் பழைய இடத்திலேயே தொகுதியின் குளோன் ஒன்று எடுக்கப்படுகிறது. குளோன் என்பது அந்தக் கணத்தில் தொகுதி இருந்த நிலையின் உறைந்த படி. கோப்புகளின் உள்ளடக்கம் உடனே இரட்டிக்கப்படுவதில்லை. குளோனும் மூலத் தொகுதியும் அதே தரவைச் சுட்டுகின்றன. பின்னால் பயனர் ஒரு கோப்பை மாற்றும்போதுதான் அந்தக் கோப்புக்கு மட்டும் தனிப்படி உண்டாகிறது. அதனால் குளோன் எடுப்பது விரைவில் முடிந்துவிடும், இடமும் அதிகம் பிடிக்காது.

அடுத்து, உறைந்த குளோன் புதிய சேவையகத்துக்கு அனுப்பப்படுகிறது. நீண்ட நேரம் பிடிக்கும் வேலை இதுதான். ஆனால் இந்த நேரம் முழுவதும் பயனர் மூலத் தொகுதியில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அனுப்பப்படுவது உறைந்த படி என்பதால், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்த நகல் உண்டாகாது.

குளோன் போய்ச் சேர்ந்தபின், அது எடுக்கப்பட்ட கணத்துக்குப் பிறகு மாறிய கோப்புகள் மட்டும் அனுப்பப்படுகின்றன. இந்தக் கடைசிச் சிறு பகுதிக்காக மட்டுமே தொகுதி சற்று நேரம் பூட்டப்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தொகுதியின் அளவு 2 ஜிகாபைட். வலையமைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று கொள்வோம். 2 ஜிகாபைட் என்பது 16,000 மெகாபிட். முழுவதும் அனுப்பக் குறைந்தது 160 நொடி வேண்டும். பூட்டிவிட்டு அனுப்பினால் பயனர் ஏறத்தாழ மூன்று நிமிடம் காத்திருக்க நேரும். குளோன் முறையில், அந்த 160 நொடியில் பயனர் 20 மெகாபைட் அளவுக்குக் கோப்புகளை மாற்றினார் என்றால், பூட்டியபின் அனுப்பவேண்டியது 160 மெகாபிட்தான். 2 நொடிக்குள் முடிந்துவிடும். தொகுதி பத்து மடங்கு பெரிதானாலும் பூட்டும் நேரம் அதே விகிதத்தில் பெருகவேண்டியதில்லை. பயனர் எவ்வளவு எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே அது அமையும். உண்மையில் வட்டின் வேகம், கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவையும் கணக்கில் வரும் என்றாலும், பெரிய வேலையைத் திறந்திருக்கும்போதும் சிறிய வேலையைப் பூட்டியபோதும் செய்வது என்ற பங்கீடு மாறாது.

பிறகு இருப்பிட ஏட்டில் அந்த வரி திருத்தப்படுகிறது. அதன்பின் பழைய இடத்திலுள்ள தொகுதி நீக்கப்படுகிறது.

இந்த வரிசைதான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி. நகல் முதலில், ஏடு அடுத்து, அழிப்பது கடைசியில். நடுவில் மின்சாரம் போனாலும் சேவையகம் நின்றாலும், ஒரே தொகுதிக்கு இரண்டு படிகள் மிஞ்சக்கூடும்; ஒன்றுமே இல்லாமல் போகாது. இரண்டு படிகள் இருப்பது அசிங்கமான நிலைதான். ஆனால் ஏட்டையும் சேவையகங்களையும் ஒப்பிட்டுச் சீர்செய்யத் தனிக் கட்டளைகள் உண்டு. அழிந்துபோன ஆய்வேட்டைச் சீர்செய்யும் கட்டளை எதுவும் இல்லை.

பயனர் காண்பது என்ன

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பயனர் கணினியில் வீனஸ் என்ற பெயருடைய நிரல், திறந்த கோப்பின் படியை உள்ளூர் வட்டில் வைத்துக்கொள்கிறது. கோப்பை மூடும்போதுதான் மாற்றங்கள் சேவையகத்துக்குப் போகின்றன. தொகுதி பூட்டப்பட்ட அந்தச் சில நொடிகளில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தால், அவர் எழுதுவது உள்ளூர்ப் படியில் என்பதால், அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அந்த நொடிகளுக்குள் ஒருவர் கோப்பைச் சேமித்து மூடினால், சேவையகம் “தொகுதி வேலையில் இருக்கிறது” என்று பதில் சொல்லும். பயனர் கணினி பிழை காட்டிவிட்டு விலகாமல், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். திரையின் ஓரத்தில், வேலையிலிருக்கும் தொகுதிக்காகக் காத்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றக்கூடும். வீடு மாற்றியதற்கு மிஞ்சும் ஒரே தடயம் அதுதான்.

மாற்றம் முடிந்தபின் பழைய சேவையகத்தைத் தேடிப் போகும் கணினிக்கு, தொகுதி அங்கு இல்லை என்ற பதில் கிடைக்கும். அது ஏட்டைக் கேட்டுப் புதிய இடத்துக்குப் போய்விடும். இரண்டாம் வடிவத்தில், ஏட்டின் எல்லாப் படிகளும் திருந்தும்வரை, பழைய சேவையகமே புதிய முகவரியைச் சொல்லி அனுப்பியது. வீடு மாறியவரின் கடிதத்தைத் தபால்காரர் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவது போன்றதே இது.

வட்டு நிரம்புவதற்கு முன்

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. பழைய வட்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும். குளோன் தரவை இரட்டிப்பதில்லை என்றாலும், கோப்புகளின் பட்டியலுக்குச் சற்று இடம் வேண்டும். அனுப்பும் நேரத்தில் பயனர் மாற்றும் கோப்புகளுக்குத் தனிப்படிகள் உண்டாகும். அவற்றுக்கும் இடம் வேண்டும். வட்டு விளிம்புவரை நிரம்பிவிட்டால் குளோன் எடுக்க முடியாமல் போகும்.

அந்த நிலைக்கென்று விஓஎஸ் மூவ் கட்டளையில் “லைவ்” என்ற தெரிவு உண்டு. குளோன் இல்லாமலே மூலத் தொகுதியை நேராக அனுப்பிவிடலாம். ஆனால் அப்போது அனுப்பும் நேரம் முழுவதும் தொகுதி பூட்டப்பட்டிருக்கும். மேலே போட்ட கணக்கில் 2 நொடி, 160 நொடி ஆகிவிடும். ஒரு தொகுதிக்கு 160 நொடி பொறுக்கலாம். நெருக்கடியில் 50 தொகுதிகளை வரிசையாக மாற்ற நேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். இடையூறில்லாமல் விரிவாக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மென்பொருளைவிட நிர்வாகி எப்போது விழித்துக்கொள்கிறார் என்பதே. ஒதுக்கீட்டு வரம்புகளின் கூட்டுத்தொகை வட்டின் அளவைத் தாண்டலாம், தாண்டுவதே வழக்கம். எல்லாரும் தம் பங்கை முழுவதும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அப்படித் தாராளமாக எழுதிக்கொடுத்தவர் வட்டின் உண்மை நிலையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதிய இடத்தைச் சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏஎஃப்எஸ் சேவையகத்தில் வட்டுப் பிரிவுகளின் பெயர்கள் “வைஸ்பி” என்று தொடங்கி எழுத்து வரிசையில் அமையும். இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகத்தில் புதிய பிரிவைச் சேர்த்தால், அது கண்ணில் படுவதற்குக் கோப்புச் சேவை நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும். அந்தச் சேவையகத்தில் கோப்பு வைத்திருக்கும் அத்தனைப் பேரும் சிறிது நேரம் காத்திருக்க நேரும். புதிய சேவையகத்தையே சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அது காலியாக வந்து சேரும். யாரும் அதை நம்பியிருக்கவில்லை. பிறகு நெருக்கடியுள்ள இடங்களிலிருந்து தொகுதிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றலாம்.

இதே வழியில் பழைய சேவையகத்தை ஓய்வுக்கு அனுப்பவும் முடியும். அதிலுள்ள தொகுதிகளை எல்லாம் பிற சேவையகங்களுக்கு மாற்றிவிட்டு, காலியானதும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். முன்மாதிரியில் 6 ஆக இருந்த சேவையகங்கள், திருத்திய வடிவத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1988-இல் வெளிவந்தபோது 16 ஆகியிருந்தன. பணிநிலையக் கணினிகள் 100-இலிருந்து 400 ஆகியிருந்தன.

நகல்களும் காப்பும்

குளோன் இடமாற்றத்துக்கு மட்டும் பயன்படுவதன்று. எல்லாரும் படித்து யாரும் மாற்றாத தொகுதிகளுக்கு, எடுத்துக்காட்டாக மென்பொருள் நிரல்கள் உள்ள தொகுதிகளுக்கு, படிக்க மட்டுமான நகல்களைப் பல சேவையகங்களில் வைக்கலாம். ஒரு சேவையகம் நின்றால் பயனர் கணினி அடுத்த நகலைத் தேடிப் போகும். இத்தகைய நகல்களை விஓஎஸ் மூவ் கொண்டு மாற்றுவதில்லை. புதிய இடத்தில் நகலொன்றை உண்டாக்கிவிட்டுப் பழையதை நீக்கிவிடுகிறார்கள்.

பயனரின் தொகுதிக்கும் நாள்தோறும் ஒரு குளோன் எடுத்து அவருடைய கோப்புறையிலேயே தொங்கவிடும் வழக்கம் கார்னிகி மெலனில் இருந்தது. நேற்றைய நிலை அதில் இருக்கும். தவறுதலாகக் கோப்பை அழித்தவர் யாரையும் கேட்காமல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தொகுதியை இடம் மாற்றும்போது இந்தக் காப்புக் குளோன் கூடவே போவதில்லை. புதிய இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இதை மறக்கும் நிர்வாகிகள் உண்டு. மாற்றிய அன்றைக்கே பயனர் ஒரு கோப்பை அழித்தால், நேற்றைய படி இல்லை என்று தெரியவரும்.

பிற முறைமைகளில்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் வெளியிட்ட என்எஃப்எஸ், ஏஎஃப்எஸ்ஸைவிட மிகப் பரவலாகப் பயன்பட்டது. அமைப்பதற்கு எளியது. ஆனால் அதன் தொடக்க வடிவங்களில், எந்தச் சேவையகத்தின் எந்தக் கோப்புறையை எங்கே இணைப்பது என்பது ஒவ்வொரு பயனர் கணினியிலும் எழுதப்பட்டிருந்தது. நானூறு கணினிகள் இருந்தால் நானூறு இடங்களில் மாற்ற வேண்டும். பின்னால் இந்தப் பட்டியலை ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கணினிகளுக்கும் வழங்கும் தானியங்கி இணைப்பு நிரல்கள் வந்து அந்தச் சுமையைக் குறைத்தன. இருந்தாலும் கோப்பைத் திறந்துவைத்திருப்பவரின் சிக்கல் தீரவில்லை. அவருடைய கணினியின் கையிலுள்ள அடையாளம் பழைய வட்டைச் சார்ந்தது. கோப்பு வேறு வட்டுக்குப் போனதும் அது செல்லாக்காசாகிவிடும். 2000-இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பில்தான், “இடம் மாறிவிட்டது, இன்ன இடத்தில் கேள்” என்று சேவையகம் சொல்வதற்கு நெறிமுறையிலேயே இடம் வந்தது.

ஒரே சேவையகத்துக்குள் விரிவாக்குவதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் எல்விஎம் என்ற அடுக்கு உள்ளது. புதிய வட்டைத் தொகுப்பில் சேர்த்து, அதன்மேல் உள்ள எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளைப் பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்கலாம். வலையமைப்பின் மறுமுனையில் இருப்பவருக்குத் திடீரென்று காலியிடம் கூடியிருக்கும், அவ்வளவே. இங்கும் ஏஎஃப்எஸ்ஸில் கண்ட அதே கருத்துதான் வேலை செய்கிறது. கோப்பு முறைமை காண்பது கற்பனையான ஒரு வட்டு. அதன் எந்தத் துண்டு எந்த உண்மை வட்டில் உள்ளது என்பது தனி அட்டவணையில் இருக்கிறது. ஆனால் சேவையகத்தின் பெட்டிக்கு வெளியே இது போகாது. பெட்டியில் வட்டு வைக்க இடமில்லாதபோது மறுபடி பழைய கேள்விக்கே திரும்ப வேண்டும்.

2006-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்த செஃப் போன்ற பிற்கால முறைமைகள், ஏட்டையே பெரும்பாலும் நீக்கிவிட்டன. எந்தத் தரவு எந்த வட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பயனர் கணினியே ஒரு கணக்கு விதியால் கண்டுகொள்கிறது. புதிய வட்டைச் சேர்த்தால், அதன் பங்குக்கு உரிய அளவு தரவு மட்டும் தானாகவே நகர்ந்து வரும். நிர்வாகி தொகுதி தொகுதியாகக் கட்டளை இடவேண்டியதில்லை. ஆனால் அந்த நகர்வு வலையமைப்பையும் வட்டுகளையும் அடைத்துக்கொண்டு பயனரின் வேலையை மந்தமாக்கலாம் என்பதால், அதன் வேகத்துக்குக் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. கோப்பு கிடைக்காமல் போவது மட்டுமே இடையூறு என்று எண்ணுவது சரியன்று. இரண்டு நொடியில் திறக்கும் கோப்பு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் பயனருக்கு அதுவும் இடையூறுதான்.

வரம்புகள்

ஏஎஃப்எஸ் தொகுதி ஒன்று முழுவதும் ஒரே வட்டுப் பிரிவுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பிரிவுகளில் பரவி இருக்க முடியாது. ஒருவருடைய தரவே ஒரு வட்டைவிடப் பெரிதானால், அதைப் பல தொகுதிகளாகப் பிரித்து இணைப்புப் புள்ளிகளால் ஒட்டவைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைப் பயனருக்குத் தெரியாமல் செய்வது எளிதன்று.

இன்னொரு வரம்பும் உண்டு. கோப்புச் சேவையகங்களின் முகவரியைப் பயனர் கணினிகள் மனப்பாடம் செய்துவைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ஏடு எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் ஏட்டைக் கேட்க முடியாது. தரவுத்தளச் சேவையகங்களின் முகவரிகள் ஒவ்வொரு பயனர் கணினியிலும் ஒரு பட்டியலாக எழுதப்பட்டிருந்தன. கோப்புச் சேவையகத்தை வேலை நாளில் பகல் பொழுதிலேயே மாற்றிவிடும் நிர்வாகிகளும், தரவுத்தளச் சேவையகத்தின் முகவரியை மாற்றுவதற்கு மிகவும் தயங்குவார்கள். இந்தப் பட்டியலை இணையப் பெயர் முறைமையில் வைப்பதற்கெனத் தனிப் பதிவு வகை ஒன்று 1990-இல் வரையறுக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் கணினிகளுக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை.

பிற்காலம்

ஏஎஃப்எஸ்ஸை வணிகப் பொருளாக விற்பதற்கு 1989-இல் டிரான்சார்க் என்ற நிறுவனம் பிட்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டது. அதைப் பின்னர் ஐபிஎம் வாங்கிக்கொண்டது. 2000-இல் மூல நிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டு, ஓப்பன்ஏஎஃப்எஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களால் பேணப்படுகிறது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுவிட்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வகம் முதலிய பல நிறுவனங்கள் பயனர்களின் கோப்புகளை நெடுங்காலம் இம்முறைமையில் வைத்திருந்தன. 2016-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது இதனை உருவாக்கிய குழுவினருக்கு வழங்கப்பட்டது.